அங்கிட்டும் இங்கிட்டும்

லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச்
சுரண்டாமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.
ஆக்னஸ், நரிமேடு, பத்து எண்கள்.
எட்டாவது எண் தேய்ந்து
மூன்றா எட்டா என்று தெரியவில்லை.
மூன்றுக்கு ஒரு கறிக்கடை எடுத்தது.
எட்டுக்கு அவள் எடுத்தாள்.

"அதுவா? இன்னும் ஓடுதா?"

ஓடுகிறது. கீழமாரட் வீதி வெங்காய மண்டியில்
மூட்டைக் கணக்கு, லாரி வாடகை, வராத பாக்கி.
வாங்கிய காசு என்னுடையது,
உள்ளே இருப்பதெல்லாம் மண்டியுடையது.
எனக்கென்று ஒரு பக்கம் வேண்டும் என்றேன்.
விண்டோஸ் அங்கிட்டு இருக்கட்டும்,
இங்கிட்டு லினக்ஸ்.

எதற்கு என்று அவள் கேட்கவில்லை.
"பேக்கப் எடுத்தாச்சா?" என்றாள்.
இல்லை.
"எடுத்துட்டு நாளைக்குக் கூப்பிடுங்க."
வைத்துவிட்டாள்.

மறுநாள் இரவு பதினொன்றரை.
வில்லாபுரத்தில் என் அடுப்பு மேடை,
துடைத்த ஈரம் காயுமுன் அதன்மேல் லேப்டாப்.
அவளுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி,
குரலை வாய்க்குள்ளேயே வைத்துப் பேசினாள்.
"எனக்கும் யாரும் சொல்லித் தரல.
மூணு தடவ கெடுத்தேன், நாலாவது எந்திரிச்சிருச்சு.
ஸ்பேஸ் கீ ஒட்டும், இடது ஓரமா அமுக்குங்க.
திரையில இருக்கறத வாசிங்க,
அர்த்தம் நான் பாத்துக்கறேன்."

வாசித்தேன்.
சிவகங்கை எஸ், திண்டுக்கல் டி, அலங்காநல்லூர் ஏ.
அதற்குக் கீழே
சிவகங்கை எஸ், திண்டுக்கல் டி, போடி பி.
"பேர நம்பாதீங்க, அளவப் பாருங்க.
பதினாறு இருக்கறது பென்டிரைவ்."
சீட்டை நம்பாதே, தராசைப் பார் என்று
நாங்களும் மண்டியில் இதைத்தான் சொல்கிறோம்.

எவ்வளவு இடம் என்று கேட்டது திரை.
முப்பது என்றேன்.
"அம்பது எடுத்துக்கங்க" என்றாள்,
"அப்புறம் பத்தாது."
யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.
அம்பது அடித்தேன். கை கொஞ்சம் நடுங்கியது.
மூன்று வருஷக் கணக்கு அந்தக் கோட்டுக்கு அப்பால்.

கோடு ஊர்ந்தது.
பேட்டரி இருபது நிமிஷம்கூடத் தாங்காது,
கரண்டை நினைத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"ஒரு ட்ரிப் மாத்தணும், இருங்க,
பாதியில எதையும் உருவிறாதீங்க."
என்னிடம் சொன்னாளா
படுக்கையில் இருந்தவரிடமா.
போன் அணையவில்லை. யாரோ இருமினார்கள்.
ஒரு செருப்புச் சத்தம் போய்
வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தது.

கறுப்புத் திரையில் இரண்டு வரிகள்.
மேலே நான், கீழே மண்டி.
பத்து நொடி தருகிறது, யோசிக்க.
மேலே போனேன். ஒன்றுமே இல்லை அங்கே.
புதிதாய் ஒரு ஃபோல்டர் போட்டுப்
பெயர் வைக்காமல் விட்டேன்.

விடியற்காலை நாலே முக்கால்.
முதல் லாரி இறங்கி,
செக்கானூரணிக்காரருக்குப் பன்னிரண்டு மூட்டை,
பில்லை நீட்டினால் பாய்ந்தார்:
"நேத்துத் தேதி போட்டிருக்கு,
பழைய சரக்கையா தள்ளுறீங்க?"
சங்கிலிராசு முதலாளி கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
தேதி நேற்று.
மணி இரவு பதினொன்றேகால்.
பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தேன்,
பதினேழு பில்லுக்கும்.

ஆறரைக்கு அவள் பஸ் ஸ்டாப்பில் இருந்தாள்.
சிரித்தாள், இப்போது சத்தமாகவே.
"அஞ்சரை மணி நேரம் பின்னாடி, அதானே?
உள்ள இருக்கறது ஒரே கடிகாரம்.
அங்கிட்டு அத நம்ம ஊரு நேரம்னு நெனைக்குது,
இங்கிட்டு லண்டன் நேரம்னு எழுதி வச்சிருச்சு.
நான் மறந்துட்டேன். ஒரு வரிதான், எழுதிக்கங்க."

வெங்காயச் சருகு ஒட்டிய பில்லின் முதுகில்
எழுத்தெழுத்தாய் எழுதிக்கொண்டேன்.
திருநெல்வேலி டி-யில் தொடங்கியது.
பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டே சொன்னாள்:
"கடைசியில ஒரு ஸ்பேஸ், அப்புறம் ஒண்ணு,
அந்த ஸ்பேஸ..."

அவள் முடிக்குமுன்பே
இடது ஓரமாக அமுக்கியிருந்தேன்.